நெல்லை–செந்தூர் பாசஞ்சர்: ஒரு பழைய சீசன் சீட்டுக்காரரின் மதிப்பீடு

திருநெல்வேலிக்குப் புறநகர் ரயில் கிடையாது என்று சொல்லுகிறவர்கள், வேலை நாள் ஒன்றின் காலையில் பாளையங்கோட்டை ஸ்டேஷனுக்கு ஒருமுறை வந்து நின்று பார்க்க வேண்டும். ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் திருத்தி முடிக்காத விடைத்தாள் கட்டுமாக நிற்கும் ஆசிரியைகளையும், தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் போகிற குமாஸ்தாக்களையும், எதிர்த்திசை வண்டியிலிருந்து திபுதிபுவென்று இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளையும் அங்கே பார்க்கலாம். ஊரார் கோயில் வண்டி என்றே பெயர் வைத்திருக்கும் திருச்செந்தூர் பாசஞ்சரில், மொட்டை போடப் போகிறவர்களுக்கு நடுவே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போகிறவர்களும் நெருக்கியடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு நாசரேத்தில் ஒரு பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த நான் அந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். ஆகவே இந்த வண்டியை முருக பக்தரின் கண்ணால் அல்லாமல், ஒன்பதரை மணிக்குள் பள்ளிக்கூட வாசலில் நின்றாக வேண்டியவரின் கண்ணால் மதிப்பிடுகிறேன்.

சென்னை எழும்பூருக்குப் போகிற செந்தூர் எக்ஸ்பிரஸும், பாலக்காட்டிலிருந்து வருகிற வண்டியும் இதே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. அவற்றைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது, திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் திருச்செந்தூருக்கும் இடையே 60 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தை வழியிலுள்ள சின்ன ஊர்களில் எல்லாம் நின்று நின்று கடக்கும் பாசஞ்சர் சேவையைப் பற்றி மட்டும்.

முதலில் இந்தப் பாதை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்றைய குறைகளில் பாதிக்கு விளக்கம் அங்கேதான் கிடைக்கிறது. நெல்லைக்கு ரயில் வந்தது 1876-இல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பாதை போட்டபோது, மணியாச்சியில் பிரிந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை வந்தது. துறைமுகத்துக்குப் போனதுதான் பெரிய பாதை, நமக்கு வந்தது அதன் வால். பிறகு 1902-இல் கல்லிடைக்குறிச்சி வரையும், 1903-இல் செங்கோட்டை வரையும், 1904-இல் மலையைக் குடைந்து புனலூர் வரையும் மேற்கே தண்டவாளம் நீண்டது. கிழக்கே, ஆற்றின் போக்கிலேயே கடற்கரை வரை போகிற பாதை அமைய இன்னும் சுமார் இருபது ஆண்டுகள் ஆயின. 1923-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை கம்பெனியின் முதலீட்டில் போடப்பட்டதல்ல. மாவட்ட உள்ளாட்சி மன்றங்களான ஜில்லா போர்டுகள் தங்கள் சொந்த நிதியில் ரயில் பாதை போட்டு, ஓட்டும் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் வழக்கம் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்தது. திருச்செந்தூர்ப் பாதையும் அப்படித் திருநெல்வேலி ஜில்லா போர்டின் சொத்தாகவே பிறந்தது. பஞ்சாயத்துச் சாலையைப் போலவும் ஆஸ்பத்திரியைப் போலவும் இதுவும் ஜில்லாவின் காரியம் என்று அன்றைக்கு நினைத்தார்கள். நான் அறிந்த வரையில், நெல்லைச் சீமையில் உள்ளூர்க்காரர்களுக்காகவே என்று போடப்பட்ட பாதை இது ஒன்றுதான்.

அதே காலத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே இன்னொரு குட்டி ரயிலும் ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி சர்க்கரை ஆலை வைத்திருந்தபோது, திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திசையன்விளை வரை குறுகிய பாதையில் அந்த வண்டியை ஓட்டினார்கள். பனங்காட்டுச் சரக்கை நம்பிப் பிறந்த அந்த ரயில் 1940-இல் நின்றுபோனது. சரக்கை நம்பிய ரயில் போய்விட, ஆட்களை நம்பிய ரயில் நூறு வருடத்தைத் தாண்டி நிற்கிறது. 2023-இல் நூற்றாண்டும் வந்து போனது.

இந்தத் தடத்தில் உள்ள ஊர்களைச் சொன்னாலே, யாருக்காக ஓடுகிறது என்பது விளங்கிவிடும். ஜங்ஷனை விட்டுத் தாமிரபரணியைத் தாண்டினால் பாளையங்கோட்டை, அப்புறம் செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர். கள்ளப்பிரான் ஊரிலும் நம்மாழ்வார் ஊரிலும் நின்றுவிட்டு, கோபுரத்தோடு தேவாலயம் எழும்பிய நாசரேத்தில் நின்று, பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினத்தில் நின்று, கடைசியில் முருகன் சந்நிதியில் போய் முடிகிற வண்டி வேறெங்கும் இருக்கிறதா என்று எங்கள் பெட்டியில் வருகிற தமிழாசிரியர் ஒருவர் அடிக்கடி கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அடுத்த ஸ்டேஷனில் அவரே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பேருந்தில் போகிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். திருச்செந்தூர்ச் சாலை கருங்குளம், புதுக்குடி, ஆழ்வார்திருநகரி என்று ஆற்றங்கரையை ஒட்டியே வந்து, தென்திருப்பேரை வழியாகக் குரும்பூருக்குப் போகிறது. தண்டவாளமோ ஆழ்வார்திருநகரியைத் தாண்டியதும் தெற்கே ஒரு வளைவு வளைந்து நாசரேத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. இந்த ஒரு வளைவுதான் என் போன்றவர்களின் பிழைப்பு. நாசரேத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து சாலை வழியாகப் போவதென்றால் பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்ப வேண்டும், நேரடிப் பேருந்தைப் பார்த்து ஏற வேண்டும், இல்லையென்றால் ஆழ்வார்திருநகரியில் இறங்கி வண்டி மாற வேண்டும். ரயிலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதே நியாயப்படி தென்திருப்பேரைக்குப் போகிறவருக்கு ரயிலால் ஒரு பயனும் இல்லை. நவதிருப்பதி சேவிக்க வருகிற வெளியூர்க்காரர்கள் இந்த பாசஞ்சரை நம்பி வர வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதில் ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும்தான் தண்டவாளத்துக்கு வாய்த்தவை, மற்றவற்றுக்குக் காரோ ஆட்டோவோ வேண்டும்.

இனி வண்டி ஓடுகிற முறைக்கு வருவோம். இது ஒற்றைத் தடம். இந்த ஒரு செய்தியைப் புரிந்துகொள்ளாமல் இந்த வண்டியைத் திட்டுகிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே தண்டவாளம் என்பதால், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். எதிர்வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் நின்ற பிறகுதான் நம் வண்டிக்கு வழி கிடைக்கும். இதைத்தான் கிராசிங் என்கிறோம். எல்லா நிறுத்தத்திலும் இது நடக்காது, ஒதுங்கி நிற்க இன்னொரு தடமும் சிக்னலும் ஸ்டேஷன் மாஸ்டரும் உள்ள நிலையங்களில்தான் நடக்கும். ஆகவே எங்கோ ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதித்தால், அதற்காகக் காத்திருக்கிற வண்டியும் பத்து நிமிடம் தாமதிக்கும், அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் அதற்காகக் காத்திருக்கிற மூன்றாவது வண்டியும் தாமதிக்கும். காலையில் விழுந்த தாமதம் ஒன்று கைமாறிக் கைமாறிச் சாயங்காலம் வரை உயிரோடு இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சென்னையில் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அங்கே ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது சில நிமிடங்களில் வந்துவிடும், இங்கே மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு ஓட்டுநரோ கார்டோ காரணமல்ல, இரண்டாவது தடம் இல்லாததே காரணம்.

மீட்டர் கேஜ் காலத்தில் இந்த முறையைக் கண்ணாலேயே பார்க்கலாம். நான் சிறுவனாக அப்பாவோடு போனபோது நீராவி எஞ்சின். ஸ்டேஷனுக்குள் வண்டி நுழையும்போது, எஞ்சினிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, பிளாட்பாரத்தில் நிற்கிற ஆள் பிடித்திருக்கும் பிரம்பு வளையத்தைக் கோத்துக்கொண்டு போகும். வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அந்த உருண்டைதான் டோக்கன். அது கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை எடுக்க ஓட்டுநருக்கு அதிகாரம் இல்லை. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு உருண்டை வெளியே இருக்கும்வரை இன்னொன்று வெளியே வராது. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வருவதை இந்த ஏற்பாடு தடுத்துவிடும். இதை எனக்கு விளக்கிச் சொன்னவர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியரான எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர். "அந்த உருண்டைதாம்ல வண்டிக்கு மூக்கணாங்கயிறு" என்பார். இப்போது அந்த வேலையைச் சிக்னல் விளக்குகளும் மின்கருவிகளும் செய்கின்றன. கை நீட்டிப் பிடிக்கிற காட்சி மட்டும் போய்விட்டது.

2008-இல் இந்தப் பாதை அகலப்பாதையானது. ஒரு மீட்டர் அகலத்திலிருந்து 1,676 மில்லிமீட்டருக்கு என்று காகிதத்தில் சொல்வது எளிது, வேலை நடந்த காலம் முழுக்கப் பேருந்தில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்குத்தான் அந்த அகலத்தின் விலை தெரியும். வேலை முடிந்து முதன்முதலாக ஏறியபோது, பெட்டி பெரிதாக இருந்ததைவிட எனக்குப் புதுமையாகப் பட்டது அதன் அமைதி. மீட்டர் கேஜ் பெட்டி பக்கவாட்டில் ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தில் விடைத்தாளில் போடும் மதிப்பெண் சில நேரம் 6-ஆ 0-வா என்று எனக்கே தெரியாது. அகலப்பாதையில் நிதானமாகத் திருத்தலாம். ஆனால் ஏறுவது கஷ்டமாயிற்று. பழைய பெட்டியில் படி தாழ்வாக இருந்தது. இப்போது பிளாட்பாரம் தாழ்வாக உள்ள நிறுத்தங்களில் மூட்டு வலிக்காரர்கள் கைப்பிடியைப் பற்றி, யாராவது கீழேயிருந்து தாங்க, ஒரு மூச்சு விட்டுத்தான் ஏறுகிறார்கள். அகலப்பாதையால் வந்த பெரிய லாபம் வேறொன்று. மதுரையிலோ சென்னையிலோ ஏறியவர் இடையில் வண்டி மாறாமல் செந்தூருக்கு வந்துவிடலாம் என்பதுதான் அது. அந்த லாபம் யாத்திரிகருக்குப் போயிற்று. தினசரிப் பயணிக்குக் கிடைத்தது ஒரே தடத்தில் இன்னும் இரண்டு வண்டிக்கு வழிவிட வேண்டிய பொறுப்பு. பின்னால் மின்மயமும் ஆனது. புகை போய்விட்டது, ஜன்னலோரம் உட்கார்ந்த வெள்ளை வேட்டிக்காரர்களுக்கு அது ஒரு நிம்மதி.

கட்டணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. 2020 மார்ச்சில் ஊரடங்கில் நிறுத்தப்பட்ட பாசஞ்சர் வண்டிகள் திரும்ப வந்தபோது, நாடு முழுவதும் அவை எக்ஸ்பிரஸ் கட்டணத்தோடு வந்தன. நிற்கிற இடமும் ஓடுகிற வேகமும் பழையபடியே இருக்க, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சச் சீட்டு மட்டும் 30 ரூபாய் ஆயிற்று. செய்துங்கநல்லூரிலிருந்து பாளையங்கோட்டைக்குக் கீரைக்கட்டு கொண்டு வருகிற ஒருவருக்குப் போக வர 60 ரூபாய் என்றால், அன்றைய லாபத்தில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 பிப்ரவரி இறுதியில்தான் பழைய சாதாரணக் கட்டணம் திரும்பியது. அன்று காலை கவுன்டரில் 10 ரூபாய்ச் சீட்டை வாங்கிய மூதாட்டி ஒருவர், சில்லறை அதிகமாகத் தந்துவிட்டார்கள் என்று எண்ணி மறுபடியும் கவுன்டருக்கே போய்த் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்.

தினமும் போகிறவர்களுக்கு என் பரிந்துரை சீசன் சீட்டுதான். மாதச் சீட்டின் விலை ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணங்களின் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். மாதத்தில் இருபத்தைந்து நாள் போய் வருகிறவர் ஐம்பது முறை ஏறுகிறார் என்பதை நினைத்தால், இதைவிட மலிவான பயணம் நெல்லைச் சீமையில் இல்லை. மூன்று மாதச் சீட்டு எடுத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சம். செல்பேசிச் செயலியிலும் எடுக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிட வேண்டும். பிளாட்பாரத்தில் ஏறி நின்றுகொண்டு, வண்டி வருகிற சத்தம் கேட்ட பிறகு செயலியைத் திறந்து, பணம் போனதா போகவில்லையா என்று தவித்து, கடைசியில் அந்த வண்டியையே விட்டுவிட்டு அடுத்ததற்காகச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்த கதை என்னுடையது. அதற்கு என் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். செந்தூர் நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும். ஆறு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. ஆறு கண்ணில் படாத இடங்களிலும் அது கொடுத்த வாழையும் நெல்லும் தெரியும். ஸ்ரீவைகுண்டம் வருவதற்கு முன்னால் ஆதிச்சநல்லூர் வட்டாரத்தைக் கடக்கிறோம். 1899 முதல் 1905 வரை தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ முதுமக்கள் தாழிகளைத் தோண்டியெடுத்த பறம்பு அங்கேதான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோது, "சார், இந்தத் தாழிக்குள்ள இருந்தவங்க எந்த வண்டியில வந்தாங்க?" என்று ஒருவன் கேட்டான். நாசரேத்தைத் தாண்டியதும் வலப்பக்கத்துக்கு மாறிக்கொள்ளலாம். மண் சிவக்கத் தொடங்கும், வாழை குறைந்து பனை கூடும், செம்மணல் மேடுகளான தேரிக்காட்டின் வாடை அடிக்கும். ஆறுமுகநேரி உப்பளத்து ஊர். அங்கே ஏறுகிறவர்களின் பேச்சில் பாதி உப்பு விலையும் மழையும்தான்.

தின்பண்ட விஷயத்தில் இந்த வண்டியை யாரும் குறை சொல்ல முடியாது. பொங்கல் சமயத்தில் குரும்பூரில் ஏறும் ஒரு அக்கா, அவித்த பனங்கிழங்கை ஓலைப்பெட்டியில் அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டுக் கொண்டு வருவார். வாங்குகிறவர் முன்னிலையிலேயே தோலை உரித்து, கிழங்கை இரண்டாக ஒடித்து, நடுவில் இருக்கும் பீலியை நீக்கி, மஞ்சளும் மிளகும் உப்பும் இட்டு அவித்த வாசனை மூக்கில் ஏறும்படி நீட்டுவார். நாரை எடுக்கத் தெரியாமல் சவைத்துக்கொண்டிருந்த சென்னைப் பையன் ஒருவனைப் பார்த்து, "ஏ தம்பி, நாரை உரிச்சுப் போட்டுட்டுத் தின்னுய்யா, நாக்கைச் சுத்திக்கிடும்" என்று சொல்லிவிட்டு, அவனுக்காக இன்னொன்றை உரித்துக் கொடுத்துவிட்டு, அதற்குக் காசும் வாங்காமல் அடுத்த பெட்டிக்குப் போனார். வெயில் காலத்தில் நுங்கு, செந்தூரிலிருந்து திரும்புகிற வண்டியில் உடன்குடிக் கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும். சுக்குக் காப்பி மட்டும் ஆளைப் பொறுத்தது, சிலர் கையில் அது சுக்குப் போட்ட வெந்நீராக இருக்கும்.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் ஸ்ரீவைகுண்டம் என்றாலும் ஸ்டேஷன் இருப்பது ஆற்றின் தென்கரையில், புதுக்குடியில். ஊரும் கோயிலும் வடகரையில். இறங்கி, ஆற்றைத் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். சாதாரண நாளில் இது ஒரு ஆட்டோ செலவு, அவ்வளவுதான். 2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு இது என்ன ஆயிற்று என்பதை நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய நாள் அது. திருச்செந்தூரிலிருந்து சுமார் 800 பயணிகளோடு சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர் பக்கத்தில் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துப் போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சிக்னல் கொடுக்காமல் வண்டியைப் பிடித்து நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டரின் முடிவு எத்தனை உயிர்களைக் காப்பாற்றியது என்பது விடிந்த பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. நான் மேலே சொன்ன இரும்பு உருண்டையின் பொருள் இதுதான். ஒரு ஸ்டேஷனில் இருக்கிறவர் சரி என்று சொல்லாமல் வண்டி நகராது. ஒரு பகுதிப் பயணிகளை மறுநாள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனார்கள், அதற்குள் சாலையும் துண்டிக்கப்பட்டது. மற்றவர்கள் 19-ஆம் தேதிதான் மீட்கப்பட்டு, மணியாச்சி போய், அங்கிருந்து சிறப்பு ரயிலில் சென்னை சேர்ந்தார்கள். இடைப்பட்ட நேரத்தில் புதுக்குடிக்காரர்கள், தங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் நிற்க, கோயிலில் உலை வைத்து அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். தினமும் அந்த ஸ்டேஷனில் நின்று போன எனக்கு அந்தச் செய்தி ஆச்சரியமாக இல்லை.

பாதையைச் சரி செய்து 2024 ஜனவரி 6-ஆம் தேதி மறுபடி வண்டி ஓட்டினார்கள். மூன்று வாரத்துக்குள் என்பது வேகமான வேலைதான். ஆனாலும் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் குறுக்கே கரை போட்டு, நூறு வருடத்துக்கு முன் நினைத்த மழைக்கு ஏற்பப் பாலம் வைத்த பாதை இது. தண்ணீர் போக இன்னும் அகலமான வழி விடாமல், அரித்த இடத்தில் ஜல்லியை மட்டும் கொட்டிக்கொண்டிருப்பது நீடிக்காது என்பது என் அபிப்பிராயம். தாமிரபரணியின் கால்வாய்களும் குளங்களும் ஒன்றுக்கொன்று சங்கிலி போட்டது மாதிரி இருக்கிற இந்தத் தென்கரையில், ஒரு குளம் உடைந்தால் அடுத்த குளத்துக்கும் தண்டவாளத்துக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

குறை என்று பார்த்தால் எனக்கு முதல் குறை, நேர இடைவெளி. அலுவலகம் போகிறவர் ஒரு வண்டியைத் தவறவிட்டால், அடுத்த வண்டியில் போவதற்குப் பதிலாகப் பேருந்து நிலையத்துக்கு ஓடுகிறார், இரண்டாம் முறை தவறவிட்டால் மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறார். அப்படி வண்டியை விட்டுப் போன சக ஆசிரியர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். காலையிலும் மாலையிலும் இரண்டு மணி நேரத்துக்குள் திசைக்கு இரண்டு வண்டி என்று ஆகிவிட்டால், அவர்களில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அதற்கு இரட்டைப் பாதை முழுவதும் வேண்டியதில்லை. தாதன்குளம், கச்சனாவிளை போன்ற நிறுத்தங்களுக்கு அருகில் வண்டிகள் ஒன்றையொன்று தாண்ட இன்னொரு தடம் கூடுதலாகப் போட்டாலே போதும் என்று, ரயில்வே விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுகிறார்கள், எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

இரண்டாவது, விசேஷ நாட்கள். ஆவணித் திருவிழா, மாசித் திருவிழா, வைகாசி விசாகம், ஐப்பசியில் சூரசம்ஹாரம் ஆகிய நாட்களில் சீசன் சீட்டுக்காரர் வண்டிப் பக்கமே போகக் கூடாது. பாதயாத்திரையாகப் பச்சையும் காவியும் உடுத்திச் சாலையில் நடந்து போனவர்கள் எல்லோரும் திரும்பும்போது ரயிலில்தான் திரும்புகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, அறுபது கிலோமீட்டர் நடந்த காலுக்கு உட்கார இடம் வேண்டியதுதான். அன்றைக்கு நான் விடுப்பு எடுத்துவிடுவேன். வருடத்துக்கு நாலு நாள், தலைமையாசிரியருக்கும் அது பழகிப்போயிற்று.

மூன்றாவதாக ஒரு கவலை உண்டு. வேகமான வண்டிகள் கூடக் கூட, சின்ன நிறுத்தங்களை எடுத்துவிடலாம் என்ற பேச்சு எங்காவது கிளம்பிக்கொண்டே இருக்கும். தாதன்குளத்தில் ஏறுகிறவர் ஐந்து பேர்தான் என்று சொல்வது உண்மையாக இருக்கலாம். அந்த ஐந்து பேருக்கும் அந்த நேரத்தில் வேறு வண்டி உண்டா என்று யாராவது கேட்டுவிட்டுக் கணக்கெழுத வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், அதே தாதன்குளத்தில் தினமும் ஒரு பெண் பிள்ளை ஏறுவாள், நாசரேத்தில் நர்சிங் படிக்கிறவள். மழை நாளில் அவள் ஓடி வருவதைப் பார்த்து, கார்டு பச்சைக் கொடியை ஆட்டாமல் அரை நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். ஏறியதும் எங்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, துப்பட்டாவால் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டே, "சார், மணி என்ன ஆச்சு?" என்று கேட்பாள்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை, வேலை எதுவும் இல்லாமல், செந்தூர் வரை போய் வருகிறேன். ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம், குடும்பத்தோடு போகிறவர்கள் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். திரும்பும்போது கூட்டம் ஏறுகிற முதல் பெட்டிகளை விட்டு, பின்னால் நடந்து போய் ஏறினால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். நாசரேத் வரும்போது மட்டும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிடுகிறேன். எதிரே இருப்பவர், "நீங்க இங்க இறங்கணுமா அண்ணாச்சி?" என்று காலை ஒதுக்கி வழிவிடுகிறார், இல்லை என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார வேண்டியிருக்கிறது.